விற்பதா, ஈற்றுக்கு வைப்பதா: கொனமாராப் பெட்டைக்குதிரைகளின் வரலாறு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்தில், அட்லாண்டிக் கடலுக்கும் ட்வெல்வ் பென்ஸ் மலைகளுக்கும் நடுவே கிடக்கும் பகுதி கொனமாரா. பாறையும் சதுப்பும் மிகுந்த, உழவுக்கு அவ்வளவாக இடம் கொடுக்காத மண். அங்கே வளரும் மட்டக்குதிரை இனத்துக்கும் அதே பெயர். உயரம் பொதுவாக 128 முதல் 148 சென்டிமீட்டர் வரை. இன்று அது உலகின் பல நாடுகளில் சவாரிக்கும் தாண்டல் போட்டிக்கும் வளர்க்கப்படுகிறது. நூறாண்டுகளுக்கு முன்னர் இனமே கரைந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சத்தின் வேர் ஒவ்வொரு குடியானவனின் வாசலிலும் ஆண்டுதோறும் எழுந்த ஒரு கேள்வியில் இருந்தது: நல்ல பெட்டை கையில் இருக்கிறது, விற்றுவிடுவதா, குட்டி ஈனுவதற்கென்று வைத்துக்கொள்வதா?

கொனமாராக் குடியானவனிடம் பெரும்பாலும் ஒரே ஒரு குதிரைதான் இருக்கும், அதுவும் பெட்டையாக இருக்கும். காரணம் எளிது. ஆண்குதிரை வேலை மட்டுமே செய்யும். பெட்டை வேலையும் செய்யும், ஆண்டுக்கொரு குட்டியும் தரும். கரையில் ஒதுங்கும் கடற்பாசியை உருளைக்கிழங்கு நிலத்துக்கு உரமாகச் சுமப்பது, சதுப்பிலிருந்து வெட்டி உலர்த்திய எரிமண் கட்டிகளை முதுகின் இருபுறமும் தொங்கும் கூடைகளில் வீட்டுக்குக் கொண்டுவருவது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கோயிலுக்கு ஏற்றிச் செல்வது எல்லாம் அதன் பொறுப்பு. சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். குட்டி ஈன்ற ஒரு வாரம், பத்து நாளில் பெட்டை மறுபடி பருவத்துக்கு வரும் என்பதால், கவனமாக நடத்தினால் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் அது சினையாகவே இருக்கும். வயிற்றில் ஒன்று, காலடியில் ஒன்று, முதுகில் சுமை என்று வாழ்ந்த விலங்கு அது.

இலையுதிர் காலத்தில் பால்குடி மறந்த குட்டி சந்தைக்குப் போகும். கிளிஃப்டனிலும் சுற்று ஊர்களிலும் சந்தை கூடியது. அக்டோபரில் பாலினஸ்லோவில் கூடியது அயர்லாந்தின் மிகப் பெரிய குதிரைச் சந்தைகளில் ஒன்று. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் இடையே தரகன் நிற்பான். இருவரின் கைகளையும் பிடித்து இழுத்து ஒன்றோடொன்று அறைய வைப்பான். அறைந்துவிட்டால் விலை முடிந்தது. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து ரகசியமாகப் பேசும் பேரத்துக்கு நேர் எதிரான முறை இது. அங்கே ஊரே கூடி நின்று விலையைக் கேட்கும். முடிந்தபின் விற்பவன் சிறு தொகை ஒன்றை அதிர்ஷ்டக் காசு என்று வாங்கியவனிடம் திருப்பித் தருவது வழக்கம். குட்டி விற்ற பணம் குத்தகைக்கும் கடைக் கடனுக்கும் போகும்.

கணக்கு சிக்கலாவது குட்டி பெட்டையாகப் பிறக்கும்போதுதான். ஆண் குட்டியை விற்பதில் தயக்கம் இல்லை. பெட்டைக் குட்டி நல்லதாக இருந்தால் தாய்க்குப் பின் அதுதான் இடம் பிடிக்க வேண்டும். ஆனால் அது மூன்று, நான்கு வயதாகித் தலையீற்று ஈனும் வரை தாய்க்கும் அதற்குமாக இரண்டு வாய்க்குத் தீனி போடக்கூடிய புல் அந்த நிலத்தில் கிடையாது. ஆகவே நல்ல குட்டி விற்கப்பட்டது; நல்லது என்பதாலேயே விற்கப்பட்டது. வாங்குபவன் முதலில் கை வைப்பது கால் நேரான, குளம்பு கெட்டியான, நடை நீண்ட குட்டியின் மேல்தான். அவன் கழித்துப் போட்டது மலைக்குத் திரும்பி அடுத்த தலைமுறையின் தாயாகும். இயற்கை வலியதைத் தேர்கிறது என்றால், சந்தை வலியதை எடுத்துச் சென்றுவிடுகிறது. ஏழ்மை மிகுந்த வளர்ப்பு நிலங்களில் கால்நடை இனங்கள் தேய்ந்ததற்குப் பின்னால் இந்தத் தலைகீழ்த் தேர்வு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. கொனமாராக் குடியானவனை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. 1845-49 பஞ்சத்தின் தழும்பு மாறாத நாட்டில், இவ்வாண்டு வாடகை கட்டாதவனுக்கு அடுத்த பத்தாண்டு வம்சத்தைப் பற்றி யோசிக்க இடம் ஏது?

இந்தச் சுழலில் அரசு தலையிட்டது 1891க்குப் பின். அந்த ஆண்டு, ஆர்தர் பால்ஃபர் அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்தபோது, மேற்குக் கரையின் வறிய மாவட்டங்களுக்காக நெரிசல் மாவட்ட வாரியம் என்ற அமைப்பு உருவானது. மீன்பிடி, நெசவு, சாலை ஆகியவற்றோடு குதிரை வளர்ப்பையும் அது கையில் எடுத்தது. வாரியத்தின் வழி, நல்ல பொலிகுதிரைகளை வெளியிலிருந்து கொண்டுவந்து குறைந்த கட்டணத்தில் ஊர்ப் பெட்டைகளோடு சேர்ப்பது. வந்தவற்றில் அதிகம் பேசப்பட்டவை ஹாக்னி பொலிகள். இங்கிலாந்தில் வண்டிக்கென்று வளர்க்கப்பட்ட, முழங்காலை உயரத் தூக்கி நடக்கும் பகட்டான இனம் அது. நகரச் சாலையில் அந்த நடைக்கு விலை உண்டு. சதுப்பில் அது வீண். வேட்டைக்குதிரை வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தனர். ஹாக்னி இரத்தம் அயர்லாந்துக் குதிரையின் தாங்குதிறனைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் வாதம். அயர்லாந்தின் குதிரை வளர்ப்பை ஆராய அமைந்த அரச ஆணையம் 1896-97இல் சாட்சியங்களைக் கேட்டபோது இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது. பழைய கொனமாராக் குதிரையின் உறுதியை நினைவுகூர்ந்து பேசியவர்களும் அங்கே சாட்சி சொன்னார்கள்.

வாரியம் செய்த பிழை ஹாக்னியைத் தேர்ந்தது மட்டுமல்ல. பொலியை மாற்றினால் இனம் திருந்திவிடும், தாய் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்ற எண்ணமே அதன் அடிப்படையாக இருந்தது. ஒரு பொலி ஒரே பருவத்தில் பல பத்துப் பெட்டைகளோடு சேரும் என்பதால் அரசுப் பணத்தைப் பொலியில் போடுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் வாழ்நாளில் பத்துப் பன்னிரண்டு குட்டிகளுக்கு மேல் தராத பெட்டை ஒருமுறை மாவட்டத்தை விட்டுப் போனால், அந்தத் தாய்வழி அங்கே அறுந்துபோகும். பொலியை மறுபடி வாங்கலாம்.

1899இல் அயர்லாந்துக்கென வேளாண் மற்றும் தொழில்நுட்பப் பயிற்சித் துறை நிறுவப்பட்டது. அத்துறைக்காக எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் காசர் எவர்ட் கொனமாராவைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை 1900இல் வெளிவந்தது. அங்கிருந்த குதிரைகளை அவர் ஐந்து வகையாகப் பிரித்தார். ஸ்பானிய ஆண்டலூசிய சாயல் கொண்டவை அவற்றில் ஒன்று. 1588இல் கரையில் உடைந்த ஆர்மடா கப்பல்களிலிருந்து நீந்தி வந்த குதிரைகளின் வாரிசுகள் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது; கதைதான். ஸ்பெயினோடு கால்வே துறைமுகத்துக்கு நெடுங்காலம் வணிகம் இருந்ததால் கப்பல் உடையாமலே குதிரைகள் வந்திருக்க முடியும். எவர்ட் கண்ட முடிவு தெளிவானது: இந்தக் குதிரைகள் உறுதியானவை, நன்கு ஈனுபவை, குறைந்த தீனியில் பிழைப்பவை, இவற்றைக் காப்பது தேசத்துக்கு லாபம். அது போயர் போர்க்காலம். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படைக்குச் சிறிய, கடினமான சவாரிக் குதிரைகள் கட்டாயமாகத் தேவைப்பட்டன என்பதால் அவர் சொன்னதற்குக் காது கிடைத்தது.

எவர்ட்டின் பெயர் பெட்டைக்குதிரைகளின் வரலாற்றில் வேறொரு காரணத்துக்காகவும் நிற்க வேண்டும். உயர்ந்த குலப் பெட்டையை ஒருமுறை தாழ்ந்த பொலியோடு சேர்த்துவிட்டால், பின்னர் எத்தனை நல்ல பொலியோடு சேர்த்தாலும் குட்டிகளில் முதல் பொலியின் சாயல் வந்துகொண்டே இருக்கும் என்று வளர்ப்போர் அக்காலத்தில் உறுதியாக நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ட்டன் பிரபுவின் பெட்டை ஒன்று குவாகா வரிக்குதிரைக்குக் கலப்புக் குட்டி ஈன்றபின், கறுப்பு அரபுப் பொலிக்கு ஈன்ற குட்டிகளிலும் வரிகள் தென்பட்டன. இந்த நிகழ்ச்சியே அந்த நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. டார்வினும் அதை ஏற்றிருந்தார். எவர்ட் ஸ்காட்லாந்தின் பெனிகுயிக்கில் மடோபோ என்ற வரிக்குதிரைப் பொலியை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தார். ரம் தீவு இனத்தைச் சேர்ந்த முலாட்டோ என்ற கறுப்புப் பெட்டை 1896இல் ரோமுலஸ் என்ற வரிக் கலப்புக் குட்டியை ஈன்றது. பிறகு அதே பெட்டையை அரபுப் பொலியோடு சேர்த்தார். மற்றப் பெட்டைகளிலும் இதே வரிசையில் சேர்த்துப் பார்த்தார். முந்தைய பொலியின் செல்வாக்கு என்று சொல்லத்தக்க எதுவும் தெரியவில்லை. மங்கலான வரிகள் வரிக்குதிரையைக் கண்ணால் பாராத மட்டக்குதிரைகளின் குட்டிகளிலும் வருவதுண்டு என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நடைமுறையில் இதன் பொருள் பெரியது: தவறிச் சேர்ந்துவிட்ட பெட்டை கெட்டுப்போனதல்ல, அதை அந்தக் காரணத்துக்காக விற்றுத் தள்ள வேண்டியதில்லை.

தாயின் பங்கு பாதிக்குக் குறையாது என்பதோடு, ஒரு வகையில் பாதிக்கு மேல் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. 1938இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டனும் ஹாமண்டும் மாபெரும் ஷயர் குதிரைகளையும் சின்னஞ்சிறு ஷெட்லாண்ட் மட்டக்குதிரைகளையும் இருவழியிலும் கலந்த ஆய்வை வெளியிட்டார்கள். மரபுக் கலவை இருபுறமும் ஒன்றே. ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைப்போல் மூன்று மடங்கு எடை இருந்தது. வளர்ந்த பிறகும் அந்த வேறுபாடு முழுதாக மறையவில்லை. கருப்பையின் இடமும் பாலின் அளவும் குட்டியின் உடலை வரையறுக்கின்றன. கொனமாராக்காரர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்ததே. பெட்டையைப் பார்க்காமல் குட்டி வாங்குவதை விவரம் தெரிந்தவர்கள் விரும்புவதில்லை.

எவர்ட்டின் அறிக்கைக்குப் பின்னும் இருபது ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. முதல் உலகப்போர், விடுதலைப் போர், உள்நாட்டுப் போர் என்று அயர்லாந்து அலைக்கழிந்தது. புதிய சுதந்திர அரசு அமைந்த பிறகு, 1923இல், கொனமாரா மட்டக்குதிரை வளர்ப்போர் சங்கம் தோன்றியது. முதல் காட்சி 1924இல் ரவுண்ட்ஸ்டோனில் நடந்தது. பின்னாளில் அது கிளிஃப்டனில் நிலைபெற்று, இன்றும் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. முதல் வம்சப் பதிவேடு 1926இல் வந்தது. சங்கத்தினர் ஊர் ஊராகச் சென்று குதிரைகளை நிறுத்திப் பார்த்து, தகுதியென்று கண்டவற்றை மட்டும் எழுதிக்கொண்டார்கள். எழுதப்பட்டவற்றில் பெட்டைகளே மிகப் பெரும்பான்மை. பொலிகள் விரல்விட்டு எண்ணும் அளவே.

பொலி வரிசையில் முதல் எண் கேனன் பால் என்ற சாம்பல் நிறக் குதிரைக்குக் கொடுக்கப்பட்டது. 1904இல் பிறந்தது, ஊக்டெரார்டில் நடந்த உழவர் பந்தயத்தில் பதினாறு ஆண்டு தொடர்ந்து வென்றது என்பது அதன் புகழ். அதன் தந்தை டைனமைட். டைனமைட்டின் தந்தை வேல்ஸிலிருந்து வந்த பிரின்ஸ் லெவலின். ஆக, தூய கொனமாரா இனத்தின் முதல் எண்ணே வெளி இரத்தம் கலந்தது. அதன் தாய் உள்ளூர்ப் பெட்டை என்பதற்கு மேல் பதிவேடு ஒன்றும் சொல்வதில்லை. தந்தை வழிக்கு இரண்டு தலைமுறைப் பெயர் இருக்கிறது, தாய்க்கு ஊர் மட்டும் இருக்கிறது. பெட்டைகளின் பெயர்களைக் குடும்பங்கள் நினைவில் வைத்திருந்தன, தாளில் வைத்திருக்கவில்லை. பதிவேடு மாற்றியது முக்கியமாக இதைத்தான்.

பதிவின் விளைவு பொருளாதாரத்திலும் தெரிந்தது. எண் பெற்ற பெட்டைக்குச் சந்தையில் தனி மதிப்பு. அதன் குட்டிக்கும் அப்படியே. பொலியைக் குடியானவனே வைத்துத் தீனி போட வேண்டியிருக்கவில்லை. சங்கம் பொலிகளை வாங்கி ஆங்காங்கே பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, சில ஆண்டுகளுக்கொருமுறை இடம் மாற்றியது, தந்தையும் மகளும் சேர்ந்துவிடாதிருக்க. பெட்டையை வைத்திருப்பவன் நாலு மைல் நடந்தால் நல்ல பொலி கிடைக்கும் என்ற நிலை வந்தபோது, வைத்திருப்பதன் செலவு குறைந்தது; விற்கும் அவசரமும் குறைந்தது. இனத்தைக் காத்தது அறிவுரை அல்ல, இந்த ஏற்பாடு.

விற்பதற்கும் தூய குட்டி எடுப்பதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று எப்போதும் இருந்தது. அது மற்ற இரண்டையும்விட ஆபத்தான ஆசை காட்டியது. நல்ல கொனமாராப் பெட்டையைத் தாரோபிரெட் பந்தயப் பொலியோடு சேர்த்தால் உயரமும் வேகமும் கூடிய, தாயின் கெட்டிக்காலும் நிதானமும் மாறாத குட்டி கிடைக்கும். லிட்டில் ஹெவன் என்ற தாரோபிரெட் பொலிக்கும் கொனமாரா இரத்தப் பெட்டைக்கும் பிறந்த டன்ட்ரம், டாமி வேட் சவாரியில் 1963இல் கிங் ஜார்ஜ் கோப்பையை வென்றது. ஒன்றரை மீட்டர் உயரம்கூட இல்லாத ஸ்ட்ரோலர், கொனமாராக் கலப்பு என்று அறியப்பட்டது, 1968 மெக்சிகோ ஒலிம்பிக் தாண்டலில் மேரியன் கோக்ஸ் சவாரியில் தனிநபர் வெள்ளி பெற்றது. இப்படிப்பட்ட குட்டிக்குத் தூய குட்டியைவிடப் பல மடங்கு விலை. ஆனால் பெட்டையின் பதினொரு மாதம் கலப்புக் குட்டிக்குச் செலவானால், அந்த ஆண்டு இனத்துக்கு ஒரு தூய குட்டி இல்லை. தொடர்ந்து அப்படியே செய்தால், விற்காமலே பெட்டையை இழந்ததாகும்.

சங்கமே இந்த எல்லையில் தடுமாறியது. இனம் நெருங்கிய உறவுக்குள் சுருங்குகிறது என்ற கவலையில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாரோபிரெட், ஐரிஷ் டிராஃப்ட், அரபு இரத்தம் அளவோடு அனுமதிக்கப்பட்டது. லிட்டில் ஹெவனுக்கும் கார்னா டாலி என்ற பெட்டைக்கும் 1948இல் பிறந்த கார்னா டன் பதிவேட்டில் ஏறி, இனத்தின் முக்கியமான பொலிகளில் ஒன்றானது. தூய்மையை வலியுறுத்தியவர்கள் முணுமுணுத்தார்கள். பின்னோக்கிப் பார்த்தால் இரு தரப்பும் சரி. கலந்த இரத்தம் இனத்தைச் சவாரிக் குதிரையாக்கி விலை உயர்த்தியது. விலை உயர்ந்ததால்தான் பெட்டைகளை வைத்திருப்பது கட்டுப்படியானது.

அந்த விலையே இன்னொரு பக்கமும் வெட்டியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிராக்டரும் லாரியும் வந்தன. சுமைக்குதிரையின் வேலை போயிற்று. அதே ஆண்டுகளில் வெளிநாட்டு வாங்குபவர்களும் வந்தார்கள். இங்கிலாந்தில் தனிச் சங்கம் 1947இல், அமெரிக்காவில் 1956இல் அமைந்தன. ஸ்வீடன், டென்மார்க், ஹாலந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று தேவை பரவியது. வேலையற்றுப்போன பெட்டைக்கு டாலரில் விலை கேட்கும்போது, கல் வேலிக்குள் இருந்த குடியானவன் என்ன சொல்வான்? சிறந்த பெட்டைகள் பல கடல் கடந்தன. பழைய காலத்து இழப்பிலிருந்து இது ஒரு வகையில் வேறு. அன்று விற்ற பெட்டை நகரத்து வண்டியில் மறைந்தது. இப்போது போன பெட்டை வெளிநாட்டுப் பதிவேட்டில் ஏறி, அங்கே தன் வழியைத் தொடர்ந்தது. சில தாய்வழிகளின் குட்டிகள் பிறகு திரும்பவும் அயர்லாந்துக்கு வாங்கி வரப்பட்டன.

விலை ஏறினால் விற்கும் ஆசை. விலை இறங்கினால் தேவைக்கு மீறிய குட்டிகள். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அயர்லாந்தில் இந்த இரண்டாம் கேடு நேர்ந்தது. செழிப்பான ஆண்டுகளில் எல்லாப் பெட்டையையும் சினைப்படுத்திய பழக்கம் தொடர, வாங்க ஆள் இல்லை. கைவிடப்பட்ட குதிரைகள் வயல்களிலும் தெருவோரங்களிலும் அலைந்தன. குலம் உயர்ந்தது என்பது மட்டுமே ஈற்றுக்குப் போதிய காரணம் ஆகாது என்பதை வளர்ப்போர் அப்போது கசப்பாகக் கற்றார்கள்.

குளம்பு பற்றிய அறிவும் முடிவை மாற்றியது. சில கொனமாராக் குட்டிகளுக்குப் பிறந்த சில மாதங்களில் குளம்பின் வெளிச்சுவர் பிளந்து பிரியும். எடையைத் தாங்க முடியாமல் உள்ளங்காலால் நடக்கும். வளர்ப்போர் நெடுங்காலம் இதைத் தீனிக்குறை, ஈரத்தரை என்று விளக்கிவந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2015இல் இதற்கான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்த குதிரை நலமாகவே இருக்கும், ஆனால் கடத்தும். இனத்தில் கடத்துபவை ஏறத்தாழ 15 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. சில முடிகளை அனுப்பினால் தெரிந்துவிடும் சோதனை இது. கடத்தும் பெட்டையை உடனே விலக்க வேண்டும் என்று தோன்றும், அது அவசரம். இந்த மாற்றம் இல்லாத பொலியோடு சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது, பாதிக் குட்டிகள் மாற்றமே இல்லாமல் பிறக்கும். ஏழில் ஒரு பெட்டையை ஒரே தலைமுறையில் கழித்துவிட்டால் அரிய தாய்வழிகளும் சேர்ந்து போய்விடும்.

இன்று நல்ல பெட்டை வைத்திருப்பவரின் கணக்கில் இவை அனைத்தும் சேர்ந்து வருகின்றன. பதிவேட்டில் அந்தத் தாய்வழிக்கு இன்னும் எத்தனை பெட்டைகள் மிஞ்சியிருக்கின்றன என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அக்கா தங்கைகள் ஐந்து பேர் ஈன்றுகொண்டிருந்தால் விற்பதில் இனத்துக்கு நட்டமில்லை, கடைசிப் பெட்டை என்றால் நிலைமை வேறு. அடுத்தது வயது. பதினைந்து வயதைத் தாண்டினால் சினைப்படும் வாய்ப்பு குறைகிறது. அதுவரை ஒருமுறையும் ஈனாத பெட்டையாக இருந்தால் இன்னும் கடினம். கால், குளம்பு, குணம், முந்தைய ஈற்றில் குட்டியைச் சேர்த்துக்கொண்ட விதம், பால், இவற்றைக் காட்சிப் பரிசுகளுக்கு மேலாக வைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

விற்காமலும் வைத்திருக்காமலும் இருக்க வழிகள் உண்டு. பதூயின் அரபுகள் சிறந்த பெட்டையை முழுதாக விற்றது அரிது. பங்கை விற்று, பின்னால் பிறக்கும் பெட்டைக் குட்டியில் உரிமை வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இன்று அதன் எளிய வடிவம் ஈற்றுக்கடன்: பெட்டையின் உரிமை உடையவரிடமே இருக்கும், கடனாகக் கொண்டுபோனவர் தீனியும் மருத்துவமும் பார்த்து ஒரு குட்டி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார். எந்தப் பொலி, குட்டி இறந்து பிறந்தால் யாருக்கு நட்டம், பெட்டை இறந்தால் என்ன என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்வது வழக்கம். கருமாற்று முறை மற்றொரு வழி. 1974இல் ஜப்பானில் குதிரையில் முதன்முதலாக வெற்றி பெற்ற இம்முறையில், பெட்டையின் கருவை வேறொரு பெட்டை சுமந்து ஈனும். போட்டியில் ஓடும் பெட்டையை நிறுத்தாமலே குட்டி எடுக்கலாம். செலவு அதிகம், பதிவுச் சங்கங்களின் விதிகளும் இனத்துக்கு இனம் வேறுபடும் என்பதால், கொனமாராவில் ஒரு பெட்டை, இரண்டு பெட்டை வைத்திருப்பவர்களிடம் இது அதிகம் எட்டவில்லை. அவர்கள் வசந்தத்தில் பெட்டையைப் பொலியிருக்கும் ஊருக்குக் கொண்டுபோய் விட்டு வருகிறார்கள்.